சேனல் பதினெட்டு

போர்ட் அகஸ்டாவில் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வண்டியை வாங்காமல் என் வீட்டுக்காரன் ஊர் திரும்பமாட்டான் என்று. டெஸ் இன்னும் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

அதுவரை நாங்கள் பார்த்த, படுக்கை அடுப்போடு வீடு மாதிரி ஓடுகிற பழைய மோட்டார்ஹோம்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஒன்றில் நாய் மூத்திர நாற்றம். ஒன்றில் கூரை ஒழுகியிருந்தது. சன்னலோரம் கட்டைவிரலால் அழுத்தினால் சுவர் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. இன்னொன்றின் சொந்தக்காரர் காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டுகிறேன் என்று தன் புருவத்தையே பொசுக்கிக்கொண்டார். வண்டியில் குறை கண்டுபிடிப்பது என் வேலை, ஆசைப்படுவது டெஸ்ஸின் வேலை. எங்களுக்குள் ஏற்பாடு அப்படித்தான்.

டெஸ் முர்ரே பிரிட்ஜ் ஊரில் கறிக்கடை வைத்திருந்தவன். வாழ்க்கையில் பாதியைக் குளிர் அறைக்குள் கழித்துவிட்டான், அதில் வந்த வலியால் இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பான். கடையை விற்ற அன்றைக்கே சொன்னான், இனிமேல் வெயில் அடிக்கிற பக்கமாகப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்போம் என்று. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு அவன், அவனுக்கு நான். அவன் போனால் எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு நாதி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டியை விற்ற பெண்ணின் பெயர் கெரின். ஐம்பதை ஒட்டிய வயது. புல்தரையிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், எங்களோடு உள்ளே ஏறவில்லை.

"அப்பா அம்மாவோட வண்டிங்க. அப்பாவை பெர்த் போற அந்த மேற்கு ரோட்டுல இழந்துட்டோம். அம்மாவும் போன குளிர்காலத்துல போயிட்டாங்க" என்றாள்.

வருத்தம் தெரிவித்தோம். மாரடைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீண்ட தூரம் ஓட்டுகிற கிழவர்களுக்கு வேறென்ன வரப்போகிறது? இழந்துட்டோம் என்று சொன்னால் யாராவது விளக்கம் கேட்பார்களா?

உள்ளே ஏறி என் வேலையை ஆரம்பித்தேன். சுவர்களை அழுத்தினேன். கூரைத் திறப்பின் ஓரங்களைத் தடவினேன். மெத்தையைத் தூக்கி மூக்கை வைத்து முகர்ந்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பழைய வண்டியில் இருக்கிற பூஞ்சை வாடை பேருக்குக்கூட இல்லை. சுக்கு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அலமாரிகளைத் திறந்தால் மட்டும் மாவு போன்ற வெள்ளைப் புழுதி விரலில் ஒட்டியது. துடைத்தேன். அடுத்த கதவைத் திறந்துவிட்டு வருவதற்குள் துடைத்த இடத்தில் மறுபடி படிந்திருந்தது. காற்று அடிக்கிறது போல என்று விட்டுவிட்டேன். சன்னல்கள் எல்லாம் மூடியிருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

டெஸ் அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஒரு ரேடியோ லேசாக இரைந்துகொண்டிருந்தது. சாலையில் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற சாதாரண ரேடியோதான்.

"சாவி போடாமலே இது ஓடுதேம்மா?" என்று வெளியே குரல் கொடுத்தான்.

"அம்மா அதை அணைக்கவே விடமாட்டாங்க. நேரா பேட்டரியில கோத்து வெச்சிருக்காங்க" என்றாள் கெரின். "வேணும்னா நீங்க கழட்டிக்குங்க."

கடைசியில் வண்டியின் பின்புறத்தைப் போய்ப் பார்த்தோம். எங்கள் மாதிரி ஊர் சுற்றும் கிழடுகள் எல்லாரும் செய்கிறபடி, பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. 'ரெக்ஸ் & தெல்மா, சேனல் 18.' பின்னால் வருகிறவர்கள் அதைப் படித்து, ரேடியோவில் அந்தச் சேனலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

"இதை முதல்ல உரிக்கணும்" என்றேன்.

"உரிச்சா பெயின்ட்டோட வந்துடும்டி. எப்படியும் பெர்த் வரைக்கும் போறோம், அங்க போய் நிதானமா எடுத்துக்கலாம்."

சரி என்றேன்.

எங்கள் காரை விலையில் கழித்துக்கொண்டு கெரின் சாவியைக் கொடுத்தபோது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் புல்தரையை விட்டு அசையவில்லை.

மேற்கே போகிற அந்த ரோட்டில் செடுனா என்ற ஊரைத் தாண்டினால் மரங்கள் குறையும். பிறகு மரமே இருக்காது. நல்லார்பர் சமவெளியில் பார்க்க எதுவும் இல்லை என்பதைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறோம். முழங்கால் உயரச் சாம்பல் புதர், வெளுத்த வானம், ஒரு வளைவுகூட இல்லாத சாலை. நடுப்பகலில் அங்கே நிழல் என்பது நம் காலடியில் கிடப்பது மட்டும்தான்.

டெஸ்ஸுக்கோ கொண்டாட்டம். முதலில் ஒரு லாரிக்காரன் கூப்பிட்டான். மூன்று டிரெய்லர் இழுத்துக்கொண்டு பின்னால் வந்தவன்.

"ரெக்ஸ் அண்ணே, எதிர்ல எதுவும் வருதா? தாண்டிக்கட்டுமா?"

"தாராளமா வாப்பா, ரோடு காலி!"

லாரி தாண்டிப் போன காற்றில் எங்கள் வண்டி ஆடியது. "அதுக்குள்ள பேரை மாத்திக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"கறிக்கடை டெஸ்ஸை விட ரெக்ஸ் கம்பீரமா இல்ல? நீயும் தெல்மான்னு வெச்சுக்க, மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்."

தொடையில் ஒன்று வைத்தேன். சிரித்தான். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கொஞ்ச தூரம் போனதும் ரேடியோவின் இரைச்சல் மாறியது. யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம். பிறகு வயதான ஒரு பெண்ணின் குரல், தொண்டை வறண்டு போய்.

"ரெக்ஸ்... ரெக்ஸ், இருக்கியா?"

டெஸ் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வண்டி எதுவும் இல்லை. முன்னாலும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாலை காலி.

"பழைய சிநேகிதி யாரோ" என்று கண்ணடித்தான்.

"உனக்கெதுக்கு வம்பு? பேசாம ஓட்டு."

"ரெக்ஸ், இருக்கியா? பதில் சொல்லு ரெக்ஸ்."

"பாவம்டி. சொல்லலேன்னா நாள் பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பா." கையை நீட்டி மைக்கை எடுத்தான். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டான். "ரெக்ஸ்தான் பேசுறேன். இங்கதான் இருக்கேன் கண்ணு, சொல்லு."

மைக்கைத் திரும்ப மாட்டப் போனான்.

பிறகு அந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அப்பாடா."

அதோடு ரேடியோ அடங்கியது.

வண்டியின் வேகம் குறைந்தது. டெஸ் சாலையோரச் சரளையில் இறக்கி நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறி வெட்டித் தழும்பேறிய அந்தக் கைகளை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவன் மாதிரி இருந்தது. அவன் தோள்கள் குலுங்கின. மாரடைப்பு என்றுதான் பயந்தேன்.

"டெஸ்! என்ன பண்ணுது? டெஸ்!"

திரும்பி என்னைப் பார்த்தான். கன்னமெல்லாம் கண்ணீர்.

"கொஞ்சம் தண்ணி இருக்குங்களா?" என்றான்.

என்னை அவன் ஒருநாளும் அப்படி மரியாதையாகக் கேட்டதில்லை. பாட்டிலைக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தார். ஆமாம், குடித்தார். அந்த நிமிஷத்திலிருந்து என் வாயில் அவன் என்று வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க. நீங்க யாருங்க? தெல்மா எங்க?"

"இந்த விளையாட்டெல்லாம் எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும் டெஸ்."

அவர் மறுபடி பாட்டிலை வாயில் வைத்தார்.

"நோலீன்?"

என் பெயர் அது. கூப்பிட்டது டெஸ்ஸின் குரல்.

குரல் ரேடியோவிலிருந்து வந்தது.

எதிரே டெஸ்ஸின் தொண்டை தண்ணீரை விழுங்கிக்கொண்டிருந்தது.

"நோலீன், வண்டி எங்கடி? நான் இப்ப ஓட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்? இங்க ஒண்ணுமே இல்ல. ரோடே இல்லடி."

கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்தேன். நாலு பக்கமும் ஓடினேன். ஒரு முயல்கூட ஒளிய முடியாத வெட்டவெளி அது. காற்றில் காய்ந்த உப்புப் புதரின் வாடை. கத்தினேன். என் குரலைத் திருப்பிக் கொடுக்க அங்கே ஒரு சுவர்கூட இல்லை.

அங்கிருந்து அடுத்த பெட்ரோல் பங்க் வரை நான்தான் ஓட்டினேன். தூரம் போகப் போக டெஸ்ஸின் குரல் மெலிந்தது. பங்கைத் தாண்டினால் கேட்கவே இல்லை. திரும்பி வந்து, பங்கின் கிழக்கு மூலையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த ஒரு இடத்தில் கேட்டது.

கெரினுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"இழந்துட்டோம்னு சொன்னேன்ல... நிஜமாவே தொலைச்சுட்டோங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு ஒண்ணுக்குப் போனாரு. திரும்பி வரல. எல்லாரும் தேடினாங்க, ஒரு செருப்புக்கூட கிடைக்கல. அம்மா சாகுற வரைக்கும் வண்டிக்குள்ளயே உக்காந்து ரேடியோவுல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

"இன்னிக்கும் கூப்பிட்டாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவே இல்லை.

ரோந்து வந்த போலீஸ்காரரிடமும் சொன்னேன். புருஷனைக் காணவில்லை என்றேன். அவர் சின்ன வயசுக்காரர், நல்லவர். எட்டி வண்டிக்குள் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் டெஸ்ஸின் உடம்பு ஆட்டுக்கறி பஃப்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அவர்தானேம்மா உங்க வீட்டுக்காரர்?"

"அவர் இல்ல. அது... ஆமா. ஆனா அவர் இல்ல."

லைசென்ஸில் இருந்த படத்தைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரேடியோவைக் கேட்கச் சொன்னேன். டெஸ் அப்போது என் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தான். போலீஸ்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வெறும் இரைச்சல்தாம்மா வருது" என்றார். வயதானால் சிலருக்கு மறதி வரும், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். யாருக்கு மறதி என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் காணவில்லை என்று எந்தத் தேசத்தில் புகார் எழுதிக்கொள்வார்கள்?

அன்று சாயங்காலம், வெளிச்சம் சாய்வதற்குள், மைக்கைக் கொண்டுபோய் டெஸ்ஸின் உடம்பில் இருந்த அந்த ரெக்ஸ் முன்னால் நீட்டினேன்.

"டெஸ்தான் பேசுறேன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நான் கூப்பிடுறேன், நீங்க பதில் சொல்லுங்க. அவ்வளவுதான். உங்க கால்ல விழுறேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"நான் போகமாட்டேங்க."

"அது என் புருஷன் உடம்பு."

"தெரியுங்க. உங்க வீட்டுக்காரருக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கல. யாரோ கதவைத் திறந்தாங்க, வந்துட்டேன்." கைகளை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். "அங்க ராத்திரியே வர்றதில்லைங்க. எப்பவும் நடுப்பகல்தான். நிழல்கூடக் கிடையாது. நடந்துக்கிட்டே இருக்கணும். அவ கூப்பிடுற சத்தம் கேக்கும், எந்தப் பக்கம்னு மட்டும் தெரியாது. எவ்வளவு காலம் நடந்தேன்னு எனக்கே தெரியல. என்னை மறுபடி அங்க அனுப்பாதீங்கம்மா."

அடிக்கக் கை ஓங்கினேன். எதிரே டெஸ்ஸின் முகம். நான் முத்தமிட்ட முகம். கை அப்படியே இறங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு என் பிழைப்பு அந்தக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான். டெஸ் பேசினான். ஆனால் பேச்சு வரவரச் சுருங்கியது.

"கூப்பிட்டுக்கிட்டே இருடி. உன் குரல் கேட்டா நடக்க முடியுது. நின்னா இந்தப் புழுதி மேல ஏறுது."

ஆகவே கூப்பிட்டேன். பொழுது விடிந்தால் மைக்கைக் கையில் எடுப்பேன். "டெஸ், இருக்கியா? நோலீன் பேசுறேன். டெஸ், இருக்கியா?" அவன் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. என் குரலோ அந்தச் சாலையில் போகிற அத்தனை வண்டிக்கும் கேட்டது.

"யாரும்மா அந்த டெஸ்? எவளோடயாவது ஓடிட்டானா?"

"பாட்டி, சேனலை விடு! நாங்களும் பேசணும்ல?"

"அவன் நிம்மதியா இருக்கட்டும், விட்டுடு ஆத்தா!"

கேலி எனக்கு உறைக்கவில்லை. வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. தொண்டை வறண்டு என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று இருந்தேன்.

ஒருநாள் காலையில் டெஸ் வெகுநேரம் பேசவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். அப்போது ரேடியோவில் ஒரு வாலிபன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்ணும் கிளுக்கென்று சிரித்தாள். "சும்மா இரு ஜாரட், பாவம் அந்தக் கிழவி" என்று அவள் சொன்னது கேட்டது.

"நான்தான் டெஸ்! வந்துக்கிட்டே இருக்கேன் டார்லிங், டீயைப் போடு!"

வேண்டாம் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன்.

"அப்பாடா" என்று வந்துவிட்டது.

ரேடியோ அடங்கியது.

வெயில் ஏறியபோது கூரையில் அலைச்சறுக்குப் பலகைகள் கட்டிய வேன் ஒன்று தாறுமாறாகப் பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தது. ஓட்டியவன் இறங்கினான். இருபத்தைந்து இருக்கும். வெறும் மார்பு, தோளில் பச்சை குத்தியிருந்தான். அந்தப் பையனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நடை எனக்குத் தெரிந்த நடை. இடது காலை லேசாக இழுக்கிற நடை.

என் கையைப் பிடித்தான்.

"மறுபடி வெறும் வயித்துல மாத்திரை போட்டியா? உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்றான்.

குரல் டெஸ்ஸுடையதல்ல. அதட்டல் அவனுடையது. அவன் மேல் சாய்ந்துவிட்டேன். அவன் தாங்கிக்கொண்டான். கடவுளே, நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! அந்த இளம் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினேன்.

"அதாரு, என் சட்டையைப் போட்டுக்கிட்டு?" என்று டெஸ் மெல்லக் கேட்டான். வண்டிச் சன்னலில் அவனுடைய பழைய முகம் எங்களைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடியது.

"ஜாரட்?"

வேனின் அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். மூக்கில் சின்ன வளையம். காலில் செருப்பு இல்லை. வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், கண் வீங்கியிருந்தது.

"ஜாரட், என்ன ஆச்சு உனக்கு? ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கிற? இவங்க யாரு?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். டெஸ் எப்போதுமே கடைக்கு வருகிறவர்களிடம் பணிவாகப் பேசுகிறவன்.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஆளை மாத்திப் பாக்குறீங்க போல. நீங்க யாருங்க?"

அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் விவரிக்கமாட்டேன். என் முகத்தில் அது இருந்தபோது அதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

என் வண்டிக்குள் ரேடியோ இரைந்தது. எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஆனால் அவள் தலை வெடுக்கென்று திரும்பியது. உதடு பிரிந்தது. ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

"அது... அவன் குரல். அவன் எங்கிருந்து பேசுறான்?"

தொடாதே என்று சொல்லியிருக்கலாம். கூப்பிடாதே, கூப்பிட்டால் என்ன நடக்கும் தெரியுமா என்று சொல்லியிருக்கலாம். டெஸ்ஸின் கை என் கைக்குள் சூடாக இருந்தது. கூப்பிடாவிட்டால் அந்தப் பையனை அந்தப் புழுதி மூடிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். எதைச் சொல்வது? டெஸ்ஸின் கையை இறுக்கிக்கொண்டேன்.

அவள் படியேறி உள்ளே போனாள். மைக்கை எடுத்தாள்.

"ஜாரட்? ஜாரட், இருக்கியா? டீகன் பேசுறேன்."

பங்கில் அன்றைக்கு நல்ல கூட்டம். டீசல் போட வரிசையில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றிலும் அந்தக் குரல் ஒரே சமயத்தில் கேட்டது. வரிசையின் கடைசியில் இருந்த கிழவர் ஒருவர் தன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மைக்குக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.